மோகன் பகான்: ஒரு தோட்டத்தின் பெயர்

சின்ன வயதில் ரேடியோவில் 'மோகன் பகான்' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மோகன் என்று ஒரு யானையும் அதன் பாகனும்தான் கண்முன் வருவார்கள். காஞ்சிபுரத்துக்குத் திருவிழா பார்க்கப் போய் கோயில் யானையை வாய் பிளந்து பார்த்த பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? கால்பந்து ஆடுகிற கூட்டத்துக்கு யானைப்பாகன் பெயரை ஏன் வைத்தார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "வடக்கத்திப் பேருடா, நமக்கெதுக்கு" என்று முடித்துவிட்டார்.

விடை கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மத்திய அரசு வேலையில் 1979-இல் என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். பக்கத்து மேஜையில் ஒரு வங்காளி நண்பர். மோகன் பகான் ஆட்டம் என்றால் அரை நாள் லீவு போட்டுவிடுவார். தோற்றுவிட்டால் மறுநாளும் லீவு. அவரிடம் என் யானைக் கதையைச் சொன்னபோது மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பகான் இல்லை சார், பாகான். நீட்டிச் சொல்லுங்கள். பாகான் என்றால் தோட்டம்" என்றார்.

தோட்டம்! உத்திரமேரூர்க்காரன் காதில் அந்தச் சொல் சும்மா விழுமா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் நம் ஊரில் கல்லில் வெட்டி வைத்த சட்டத்தில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று குடவோலை போட்டு எடுத்தார்கள். தோட்டத்துக்கென்று தனி வாரியம் வைத்த ஊரில் பிறந்தவன் நான். எந்தத் தோட்டம், யாருடைய தோட்டம், அங்கே எப்படிப் பந்து வந்தது என்று அந்த நண்பரைத் துளைத்து எடுத்துவிட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும், போய்ப் பார்த்ததையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

வடக்குக் கல்கத்தாவில் ஷியாம்பஜார் பக்கம் ஃபரியாபுகூர் என்று ஒரு பகுதி. புகூர் என்றால் குளம். சென்னையில் அல்லிக்குளம் என்கிறோமே, அதுபோல. அங்கே கீர்த்தி மித்ரா என்ற செல்வந்தருக்குப் பளிங்கு மாளிகை ஒன்று இருந்தது. சுற்றிலும் தோட்டம். அந்த மாளிகைக்குப் பெயர் 'மோகன் பகான் வில்லா'. தோட்டத்தில் காலியாகக் கிடந்த புல்வெளியில் அந்தப் பகுதிப் பையன்கள் பந்து உதைத்தார்கள். மித்ரா குடும்பம், பாக்பஜார் பாசு குடும்பம், ஃபரியாபுகூர் சேன் குடும்பம் என்று மூன்று வீட்டுப் பெரியவர்கள் கூடி, இந்தப் பையன்களுக்கு ஒரு கிளப் ஆரம்பித்துத் தரலாம் என்று முடிவு செய்தார்கள். பலராம் கோஷ் தெரு 14-ஆம் எண், பூபேந்திரநாத் பாசு வீட்டில் கூட்டம் நடந்தது. தேதி 1889 ஆகஸ்ட் 15. ஆம், ஆகஸ்ட் 15. அந்தத் தேதிக்கு ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து என்ன மரியாதை வரப்போகிறது என்று அன்று கூடியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பூபேந்திரநாத் பாசுதான் முதல் தலைவர். ஜதீந்திரநாத் பாசு முதல் செயலாளர். இந்தப் பூபேந்திரநாத் பாசு நமக்கு முற்றிலும் அந்நியரல்ல. 1914-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது தலைமை வகித்தவர் அவர்தான். கால்பந்து கிளப்பின் முதல் தலைவர் நம் மெட்ராஸில் காங்கிரஸ் தலைவராக மேடையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சரித்திரப் புத்தகங்களில் காங்கிரஸ் ஒரு பக்கமும் கால்பந்து வேறு பக்கமும் இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

கிளப்புக்கு வைத்த பெயர் 'மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்'. ஆடுகிற தோட்டத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். தோட்டத்தில் ஆடிய முதல் ஆட்டம் ஈடன் இந்து ஹாஸ்டல் மாணவர்களோடு. கிளப்பின் முதலாண்டு விழாவுக்குப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ என்ற வெள்ளைக்காரர் வந்திருந்தார். 'ஸ்போர்ட்டிங்' என்றால் தூண்டில் போடுவதும் துப்பாக்கி சுடுவதும் சேர்ந்தது, உங்கள் கிளப்பில் அதெல்லாம் இல்லையே, 'அத்லெட்டிக் கிளப்' என்று மாற்றுங்கள் என்றார். மாற்றிக்கொண்டார்கள். ஸ்போர்ட்டிங் போனது, மோகன் பகான் நின்றது.

கட்டுப்பாடு பலமாக இருந்திருக்கிறது. உறுப்பினர்கள் புகை பிடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது. மாணவர்கள் படிப்பிலும் ஒழுங்காக இருந்தால்தான் பந்தைத் தொடலாம். இதை அந்த நண்பர் சொன்னபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்தான் நினைவுக்கு வந்தார். நம்மில் எத்தனை பேர் அந்தக் கிளப்பில் தேறியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். கல்கத்தா நடுவில் மைதான் என்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி விரிந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் போய் ஏன் ஆட வேண்டும்?

மைதான் எப்படி வந்தது என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 1757 பிளாசிப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அதற்காகக் கோவிந்தபூர் என்ற ஊரையே காலி செய்து ஜனங்களை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். சுற்றியிருந்த காட்டையும் வெட்டினார்கள். கோட்டை மேலிருந்து பீரங்கி சுட்டால் எதிரி ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இருக்கக் கூடாது. அப்படி வெறுமையாக்கிய நிலம்தான் மைதான். மெட்ராஸிலும் கதை இதுதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். அது கைக்குத் திரும்பி வந்த பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தில் மிச்சமிருந்ததையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் வழக்குக்கும் வாய்தாவுக்கும் போய் நிற்கிற ஹைகோர்ட் அந்த மண்ணில்தான் நிற்கிறது.

பீரங்கிக்காக விட்ட வெட்டவெளியில் நூறு வருஷம் கழித்து வெள்ளைக்காரர்கள் பந்து ஆடினார்கள். மைதானில் முதலில் இடம் பிடித்தவை அவர்கள் கிளப்புகளும் பட்டாளத்து அணிகளும். கோட்டை அவர்களுடையது, வெட்டவெளியும் அவர்களுடையது. நம்மவர் ஆட வேண்டுமானால் யாராவது ஒரு பெரிய மனிதர் தன் தோட்டத்தைத் திறந்துவிட வேண்டும். என் அபிப்பிராயத்தில் இந்தியக் கால்பந்தின் ஆரம்பச் சரித்திரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும்: அவர்களுக்குப் பீரங்கித் திடல், நமக்கு இரவல் தோட்டம்.

மெட்ராஸ் கிரிக்கெட்டிலும் இதே கதைதான், ஆனால் கொஞ்சம் தலைகீழாக. 1846-இல் ஆரம்பித்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் முதலில் தீவுத்திடலில் ஆடியது. ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை 1859-இல் ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போனது. சில வருஷத்தில் அந்த அரண்மனை வளாகத்தில் கிளப்புக்கு இடம் கிடைத்தது. நவாபின் தோட்டம் வெள்ளைக்காரர்களின் திடல் ஆயிற்று. அங்கே ஆட வந்த இந்தியர்களைப் பெவிலியனுக்குள் விடமாட்டார்கள், மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மோகன் பகானுக்கு ஒரு வருஷம் முந்தி. ஆயிரம் மைல் தூரத்தில் இரண்டு பட்டணங்களிலும் நம்மவர்கள் அடுத்தடுத்த வருஷங்களில் தங்களுக்கென்று ஒரு கிளப் வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள்.

தோட்டத்துக்கு வருவோம். அதில் ஆடியது இரண்டே ஆண்டு. 1891-இல் கிளப் ஷியாம்புகூருக்கு மாறியது. மகாராஜா துர்காசரண் லாஹா குடும்பத்தின் திடல் அது. அதுவும் இரவல்தான். பிறகு கல்கத்தா கார்ப்பரேஷன் அமைத்த ஷியாம் ஸ்கொயர். அங்கே ஆரியன், பாக்பஜார் என்று இன்னும் இரண்டு கிளப்புகளோடு ஒண்டுக்குடித்தனம். மெட்ராஸில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே குழாய், மூன்று குடும்பம்! 1900-இல் மைதானில் பிரசிடென்சி கல்லூரிக்கு இருந்த திடலில் பங்கு கிடைத்தது. தோட்டத்தில் பிறந்த கிளப் மைதானுக்குள் நுழைய பதினோரு வருஷம் பிடித்தது. அதுவும் சொந்தமாக இல்லை, ஒரு கல்லூரியின் தயவில்.

மைதானுக்கு வந்த பிறகுதான் கிளப்புக்கு உடம்பில் தெம்பு ஏறியது. பட்டாளத்தில் இருந்த சைலேன் பாசு என்பவர் செயலாளராக வந்து பையன்களை ஓடவிட்டு, உடற்பயிற்சி செய்யவைத்து இறுக்கினார். 1904-இல் கூச்பிகார் கோப்பை. 1905-இல் கிளாட்ஸ்டன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டல்ஹௌசி என்ற வெள்ளைக்கார அணியை 6-1 என்று துவைத்து எடுத்தார்கள். 1906 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை.

அப்புறம் 1911. அந்தக் கதையைக் கல்கத்தாவில் யாரிடம் கேட்டாலும் தானே நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம், ஜூலை 29, கல்கத்தா ஃபுட்பால் கிளப் திடல். எதிரணி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட், பூட்ஸ் போட்ட சிப்பாய்கள். நம்மவர் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால். பாதிரியார் சுதீர் சாட்டர்ஜி ஒருவர் மட்டும் பூட்ஸ். முதல் கோல் பட்டாளத்துக்காரர்கள் போட்டார்கள். கேப்டன் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிஷங்கள்தான் இருந்தபோது அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோல். 2-1. கூட்டம் அறுபதாயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். வெளியூர்களிலிருந்து ஸ்பெஷல் ரயிலும் ஸ்டீமரும் விட்டிருக்கிறார்கள். உள்ளே இடம் கிடைக்காமல் தூரத்தில் நின்றவர்களுக்குக் கோல் விவரம் எப்படித் தெரிந்தது தெரியுமா? காற்றாடி விட்டுத் தெரிவித்தார்கள்.

வெறுங்காலோடு வெள்ளைக்காரனை முதன்முதலில் வென்றது இதுதான் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1892-லேயே சோபாபஜார் கிளப் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டைத் தோற்கடித்திருக்கிறது. ஆனால் ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி மோகன் பகான்தான். அதற்கு முன் அது முழுக்க வெள்ளைக்காரர் வீட்டுச் சொத்தாகவே இருந்தது.

அன்று ஆட்டம் முடிந்து திரும்பும்போது ஒருவர் வில்லியம் கோட்டை மேல் பறந்த கொடியைக் காட்டி, ஷீல்டு வந்துவிட்டது, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். நீங்கள் அடுத்த தடவை ஷீல்டு ஜெயிக்கும்போது இறங்கும் என்று பதில் வந்ததாம். நண்பர் இதைச் சொன்னபோது, நம் ஊர்த் தலபுராணம் மாதிரி பிறகு கட்டிய கதை என்று நினைத்தேன். கட்டிய கதையாகவே இருக்கட்டும். ஆனால் மோகன் பகான் இரண்டாவது தடவை ஷீல்டு ஜெயித்த வருஷம் 1947.

தமிழ்ப் பெயர்களுக்கும் இந்தக் கிளப்பில் இடம் உண்டு. பீட்டர் தங்கராஜ், நெடுநெடுவென்று உயர்ந்த கோல்கீப்பர், நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடி 1955-இல் டூரண்ட் கோப்பையை வாங்கித் தந்தவர். பிறகு கல்கத்தா போய் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் ஆடினார். கல்கத்தாவில் நான் தமிழன் என்று தெரிந்தால் டாக்ஸி டிரைவர்கூட "தங்கராஜ் ஊரா?" என்று கேட்பார். அவர் பிறந்தது ஹைதராபாத் என்று நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

நான் அங்கே இருந்த காலத்தில் பெரிய ஆட்டங்கள் ஈடன் கார்டனில் நடக்கும். பாருங்கள், அதுவும் தோட்டம்தான். 1977-இல் பெலே காஸ்மாஸ் அணியோடு வந்து மோகன் பகானோடு ஆடியது அங்கேதான், 2-2. நான் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்துவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் அதே ஈடன் கார்டனில் கலவரமும் நெரிசலும் ஏற்பட்டுப் பதினாறு பேர் செத்துப்போனார்கள். அன்று நண்பர் லீவு. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் அவர் மேஜைக்கு வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. வந்தார், ஒரு கையில் கட்டு. பல நாள் பந்துப் பேச்சே எடுக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரே என்னை டிராமில் ஏற்றி ஷியாம்பஜாருக்கு அழைத்துப் போனார். "தோட்டம் தோட்டம் என்றீர்களே, வாருங்கள் காட்டுகிறேன்" என்றார். குதிரை மேல் நேதாஜி சிலை இருக்கிற ஐந்து முனைச் சந்திப்பில் இறங்கி நடந்தோம். ஒரு தெருவுக்கு சிவதாஸ் பாதுரி பெயர். திரும்பினால் ஒரு சந்து. சுவரில் 'மோகன் பகான் லேன்' என்று பலகை. இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள், பால்கனியில் துணி காய்கிறது. மாளிகை இல்லை. தோட்டம் இல்லை.

"எங்கே?" என்றேன்.

"இதுதான்" என்றார். "நீங்கள் நிற்கிற இடம்."

எனக்கு ஏமாற்றம்தான். ஒரு மரமாவது விட்டிருக்கலாம் என்று தோன்றியது. அவருக்கு அந்த ஏமாற்றமே புரியவில்லை. தோட்டம் போய்விட்டது என்று நான் சொல்ல, அது மைதானில்தானே இருக்கிறது என்று அவர் சொல்ல, டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடினோம். அவரைப் பொறுத்தவரை தோட்டம் ஷியாம்பஜாரிலிருந்து நடந்து மைதானுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மைதானோ இன்றைக்கும் ராணுவத்தின் நிலம். கிளப்புகள் அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரர்கள். நூற்று முப்பத்தைந்து வருஷம் தாண்டிய கிளப்புக்குச் சொந்தமென்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அதனால்தான் பெயரில் கை வைத்தால் அவர்களுக்குப் பொறுக்காது. 1998-இல் ஒரு சாராயக் கம்பெனி பணம் போட்டு மெக்டவல் மோகன் பகான் ஆக்கியது. புகை பிடித்தால் சேர்க்காத கிளப்பு! 2020-இல் வேறொரு அணியோடு இணைத்து ஏ.டி.கே. மோகன் பகான் என்றார்கள். ஜனங்கள் பதாகை பிடித்து, ஊர்வலம் போய், அந்த மூன்றெழுத்தை எடு என்று மூன்று வருஷம் விடாமல் கத்தினார்கள். 2023-இல் எடுத்தார்கள். எடுத்துவிட்டுப் பின்னால் 'சூப்பர் ஜயன்ட்' என்று ஒட்டினார்கள். போன வருஷம் டிவியில் ஆட்டம் பார்த்த என் பேரன் அந்தப் பின்னொட்டை மட்டும்தான் பிடித்துக்கொண்டான். "தாத்தா, சூப்பர் ஜயன்ட் ஜெயிச்சுட்டாங்க" என்றான்.

அவனை மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடக்க அழைத்துப் போனேன். கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்று சொல்கிற நம் பெரிய ஏரிதான். அறுவடை முடிந்த கழனியில், களத்துமேட்டில், வெறுங்காலோடு நாங்கள் பந்து உதைத்த இடத்தைக் காட்டலாம் என்று போனேன். வைக்கோல் தூரில் குத்திக் குத்திக் கால் மரத்துப்போய், ரத்தம் வந்தால்கூடத் தெரியாது எங்களுக்கு. இப்போது அங்கே மனை பிரித்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு வளைவு. அதில் ஏதோ ஒரு 'நகர்'. களத்துமேடு என்று அந்த இடத்தைச் சொல்ல எங்கள் செட்டில் இன்னும் நாலு பேர் இருக்கிறோம்.

மோகன் பகான் லேனில் நான் எடுத்த போட்டோ ஒன்று இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. பெயர்ப் பலகைக்குக் கீழே நண்பர் நிற்கிறார், கை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு முன்னால் நிற்பதுபோல. ஓரத்தில் ஒரு பையனின் கால் மட்டும் விழுந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பாதி பந்து.